எரிக்கச் சொன்ன தாள்கள்: பேட்ரிக் ஒயிட்டின் 32 பெட்டிகள்

நீங்கள் கேட்டது இது: "ஆஸ்திரேலிய நாவலாசிரியர் பேட்ரிக் ஒயிட் தன் கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் எரித்துவிட்டதாகப் படித்தேன். அப்படியானால் கான்பெராவில் தேசிய நூலகத்தில் இருக்கும் அவருடைய தாள்கள் எங்கிருந்து வந்தன? ஒருவர் எரிக்கச் சொன்னதை எடுத்து வைத்துப் படிப்பது சரிதானா? அதில் அப்படி என்னதான் இருக்கிறது?"

மூன்று கேள்வியும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்கிறது. அதனால் கதையை முதலிலிருந்தே சொல்கிறேன்.

1973-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு ஒயிட்டுக்குக் கிடைத்தது. ஒரு புதிய கண்டத்தையே இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர் என்று பரிசுக் குழு அவரைப் பாராட்டியது. அப்படிப்பட்டவரின் கையெழுத்துப் பிரதிகள் நாட்டின் நூலகத்தில் இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். 1977-இல் தேசிய நூலகத்தின் தலைமை இயக்குநராக இருந்த ஜார்ஜ் சாண்ட்லர் அதைக் கேட்டார். ஒயிட்டின் பதில் ஒரே போடாக வந்தது. என்னிடம் தாள்கள் என்று எதுவும் இல்லை. புத்தகம் அச்சானதுமே பிரதிகளை அழித்துவிடுகிறேன். குறிப்பேட்டில் அதிகம் எழுதுவதில்லை. நண்பர்களின் கடிதங்களை வைத்துக்கொள்வதில்லை, என் கடிதங்களை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர்களிடமும் சொல்லிவருகிறேன். நான் சாகும்போது முடியாமல் கிடப்பதெல்லாம் எரிக்கப்பட வேண்டும். இவ்வளவும் அந்த ஒரு கடிதத்தில் இருந்தது. அச்சான புத்தகங்களின் இறுதி வடிவத்தை மட்டுமே மக்கள் பார்த்தால் போதும், தன்னிடம் ஏதாவது முக்கியமாக இருந்தால் அது அங்கேயே இருக்கும் என்பது அவர் எண்ணம்.

ஒயிட் 1990 செப்டம்பர் 30 அன்று சிட்னியில் தன் வீட்டில் இறந்தார். ஆய்வாளர்களும் வாசகர்களும் அந்தக் கடிதத்தை அப்படியே நம்பினார்கள். பதினாறு ஆண்டுகள் இப்படியே போனது. 2006 நவம்பரில் தேசிய நூலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஒயிட்டின் தாள்கள், 32 பெட்டிகள், நூலகத்துக்கு வந்துசேர்ந்துவிட்டன. கொடுத்தவர் பார்பரா மாப்ஸ். ஒயிட்டின் இலக்கிய முகவர். அவருடைய எழுத்துகள் தொடர்பான உயில் பொறுப்பும் அவரிடமே இருந்தது. எரிக்க வேண்டிய இடத்தில் இருந்தவர் எரிக்காமல் வைத்திருந்தார். ஒயிட்டோடு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த துணைவர் மனோலி லஸ்காரிஸ் 2003-இல் காலமான பிறகுதான் அந்தப் பெட்டிகள் வெளியே வந்தன என்பதையும் கவனியுங்கள். அவசரப்பட்டு விற்ற காரியம் இல்லை இது.

இனி உள்ளே என்ன இருந்தது என்று பார்ப்போம். பத்துக் குறிப்பேடுகள். கடிதங்கள், மேடையில் பேசிய உரைகள், நாடகங்களும் திரைக்கதைகளும் வரைவு நிலையில், புகைப்படங்கள். அவர் தலையில் வைத்த கம்பளித் தொப்பியும் மூக்குக்கண்ணாடியும்கூட உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, முடிக்காமல் விட்ட நாவல்கள் இருந்தன. இரண்டு 1960-களில் எழுதியவை. மூன்றாவது 1981-இல் தொடங்கிய 'த ஹேங்கிங் கார்டன்'. குறிப்பேட்டில் அதிகம் எழுதுவதில்லை என்று சொன்னவரிடமிருந்து பத்துக் குறிப்பேடுகள்!

அவர் எதையும் எரிக்காமல் சும்மா சொன்னார் என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. எரித்தார், நிறையவே எரித்தார். 1948-இல் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிய ஒயிட்டும் லஸ்காரிஸும் சிட்னிக்கு வெளியே காசில் ஹில் என்ற இடத்தில் சுமார் ஆறு ஏக்கர் நிலத்தில் குடியிருந்தார்கள். பூ வளர்த்தார்கள், காய்கறி பயிரிட்டார்கள், ஷ்னாவுசர் நாய்கள் வளர்த்தார்கள். 'த ட்ரீ ஆஃப் மேன்', 'வாஸ்' இரண்டும் அந்த வீட்டில் எழுதியவைதான். நகரம் நீண்டு நீண்டு காசில் ஹில்லைத் தொட்டதும், 1964-இல் சென்டெனியல் பார்க் பக்கம் மார்ட்டின் ரோட்டுக்கு வீடு மாறினார்கள். கிளம்பும் முன் பழைய பிரதிகளும் கடிதங்களும் கொல்லைப்புறத்தில் தீக்குப் போயின. 'வாஸ்' நாவலின் கையெழுத்துப் பிரதி இன்று உலகில் எங்கும் கிடையாது. ஆஸ்திரேலியாவின் பெரிய இலக்கியப் பரிசான மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருதை 1957-இல் முதன்முதலாகப் பெற்ற நாவல் அது. அதன் முழு வரைவை இனி யாரும் பார்க்க முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இருக்கிறது. மாப்ஸ் செய்தது சரி என்பதே என் உறுதியான கருத்து. உயிரோடு இருக்கும்போதே தன் கையால் தீ மூட்டத் தெரிந்த மனிதர் ஒயிட். 'த ஹேங்கிங் கார்டன்' பிரதியை 1981-இல் ஒதுக்கி வைத்தார். அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். 1960-களின் இரண்டு நாவல்களோ இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூடவே இருந்தன. எரிக்க நினைத்திருந்தால் ஒரு தீக்குச்சி போதும். எரிக்காததைப் பிறர் எரிக்கட்டும் என்று விட்டுப்போகிறவர் மனதில் இரண்டு விருப்பங்கள் இருக்கின்றன. ஒன்றைச் சொல்லில் வைத்தார், மற்றதைச் செயலில் வைத்தார். உயில் பொறுப்பில் இருப்பவர் இரண்டையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

கடைசி ஆண்டுகளில் அவர் மனம் இளகியதற்கும் அடையாளம் உண்டு. தன் வாழ்க்கை வரலாற்றைப் பத்திரிகையாளர் டேவிட் மார் எழுத ஒயிட் சம்மதித்தார். எரிக்கச் சொல்லியிருந்த கடிதங்களை எரிக்காமல் வைத்திருந்த நண்பர்கள் அவற்றை மாரிடம் காட்ட அவர் தடை சொல்லவில்லை. 1990-இல், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன், அந்தப் பெரிய புத்தகத்தின் பிரதியை உட்கார்ந்து முழுக்கப் படித்தார். பல இடங்களில் கண்ணீரோடு படித்ததாக மாரிடம் சொன்னார். ஆனால் ஒரு வரியை நீக்கு, ஒரு வரியை மாற்று என்று கேட்கவில்லை. 1991-இல் அந்த வரலாறு வந்தது. 1994-இல் கடிதங்களின் தொகுப்பும் மாரின் பதிப்பாகவே வந்தது. தன்னைப் பற்றிய உண்மை வெளியே தெரிவதைக் கடைசியில் ஏற்றுக்கொண்ட மனிதராகவே அவர் போனார் என்று நினைக்கிறேன்.

ஒரு எல்லையை நானும் ஒப்புக்கொள்கிறேன். எழுத்தாளரின் பெட்டியில் அவருடைய தாள்கள் மட்டும் இருப்பதில்லை. அவருக்கு மற்றவர்கள் எழுதியதும் இருக்கும்: கடன் கேட்டவர், குடும்பச் சண்டையை இறக்கி வைத்தவர், நோயைச் சொன்னவர். அவர்கள் யாரும் நூலகத்துக்காக எழுதவில்லை. அதனால்தான் பல சேகரிப்புகளில் சில கோப்புகளுக்குக் காலத்தடை போடுகிறார்கள்: இன்ன ஆண்டு வரை திறக்கக் கூடாது, அல்லது குடும்பத்தின் அனுமதி வேண்டும் என்று. அந்தத் தடையை ஆய்வாளர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏற்பதைப் பார்த்திருப்பீர்கள். முணுமுணுக்கக்கூடக் கூடாது என்பேன்.

சரி, வரைவைப் பார்த்து நமக்கு என்ன தெரியப்போகிறது?

ஒயிட் தான் எழுதும் முறையை ஒரு பேட்டியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு புத்தகத்தையும் மூன்று முறை எழுதுவார். முதல் வரைவு வேதனையும் குழப்பமும். வேறு யாருக்கும் புரியாது. இரண்டாவதில் உருவம் பிடிபடும். இந்த இரண்டும் கையெழுத்தில். மூன்றாவதை இரண்டே விரலால் தட்டச்சு செய்வார். அர்த்தத்தைக் கூர்மையாக்குவது, சேர்ப்பது, கழிப்பது எல்லாம் அப்போதுதான். 'வாஸ்' போன்ற நாவல்களில் நம் கைக்கு வந்தது அந்த மூன்றாவதன் விளைவு மட்டும்தான். வாக்கியங்கள் இறுகி, செதுக்கி வைத்த கல்போல் நிற்கும். இவர் பிறக்கும்போதே இப்படித்தான் எழுதினாரோ என்று வாசகருக்குத் தோன்றும், எழுத முயலும் இளைஞருக்கு அச்சம் வரும்.

'த ஹேங்கிங் கார்டன்' அந்த அச்சத்தைப் போக்குகிறது. அது கையெழுத்து நிலையிலேயே நின்றுபோனது. இரண்டாம் உலகப் போர்க் காலம். கிரேக்கத்திலிருந்து வந்த சிறுமி ஐரீனும், லண்டன் குண்டுவீச்சிலிருந்து தப்பவைக்க அனுப்பிவைக்கப்பட்ட சிறுவன் கில்பர்ட்டும் சிட்னித் துறைமுகத்தைப் பார்த்த ஒரு வீட்டில் ஒதுங்குகிறார்கள். செடிகொடி மண்டிக்கிடக்கும் அந்தத் தோட்டம் அவர்கள் இருவருடைய நாடாகிவிடுகிறது. பெரியவர்கள் யாருக்கும் அங்கே இடமில்லை. போர் முடியும் தறுவாயில் கதை நின்றுவிடுகிறது. சிட்னி பல்கலைக்கழகத்தின் இலக்கிய ஆய்வாளர்கள் மார்கரெட் ஹாரிஸும் எலிசபெத் வெப்பியும் இந்தப் பெட்டிகளை ஆராய்ந்த குழுவை நடத்தினார்கள். நெருக்கி எழுதிய அந்தக் கையெழுத்தை வரி வரியாகப் பெயர்த்தெடுத்து, ஒயிட்டின் நூற்றாண்டான 2012-இல் நூல் வெளிவந்தது. இன்னொருவர் கதையைத் தொடர்ந்து எழுதி முடிக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது.

அந்தப் பிரதியில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. 1945-இல் 14, 1981-இல் 50. அவ்வளவுதான். கூட்டிப் பாருங்கள்: 36 ஆண்டு இடைவெளி, வயதும் சரியாக 36 கூடுகிறது. போர் முடியும்போது 14 வயதாக இருந்தவர்கள், ஒயிட் எழுதிக்கொண்டிருந்த அந்த ஆண்டில் 50 வயதைத் தொட்டிருப்பார்கள். ஆக நமக்குக் கிடைத்திருப்பது முதல் பகுதி மட்டும். அந்தக் குழந்தைகளை நடுவயது வரை கொண்டுபோகும் எண்ணம் அவருக்கு இருந்திருக்கிறது. எந்த விமர்சகரும் ஊகித்துச் சொல்லியிருக்க முடியாத ஒன்றை இரண்டு எண்கள் சொல்லிவிடுகின்றன. ஏன் நிறுத்தினார்? அந்தக் காலத்தில் நாடகம் அவரை இழுத்தது; அணு ஆயுத எதிர்ப்பு மேடைகளுக்கும் போய்க்கொண்டிருந்தார். வயது எழுபதை நெருங்கியிருந்தது, சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா.

ஒயிட்டுக்கு நேர் எதிரான ஆட்களும் ஆஸ்திரேலியாவில் உண்டு. மைல்ஸ் ஃபிராங்க்ளினைப் பாருங்கள். 1901-இல் 'மை பிரில்லியண்ட் கரியர்' நாவலை வெளியிட்ட அந்த அம்மாள் நாட்குறிப்பு, கடிதம், ரசீது என்று எதையும் விடாமல் சேர்த்துவைத்து, சிட்னியின் மிட்செல் நூலகத்துக்குப் போகும்படி செய்தார். 1954-இல் இறந்தார். ஜெரால்ட் மர்னேன் இன்னொரு விதம். விக்டோரியாவின் மேற்குக் கோடியில் கோரோக் என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டு, தன் வாழ்வையும் எழுத்தையும் தானே கோப்புகளாகப் பிரித்து இரும்பு அலமாரிகளில் அடுக்கிவைத்திருக்கிறார். வாழ்க்கைக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, தான் கற்பனை செய்த ஒரு நாட்டின் குதிரைப் பந்தயங்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. அந்தக் குதிரைகளுக்குப் பெயர் உண்டு, சவாரி செய்பவர்களின் சட்டை நிறங்கள் உண்டு, பந்தய முடிவுகள் உண்டு. இவர்களைப் பற்றி இன்னும் எழுதலாம். ஆனால் நீங்கள் கேட்டது ஒயிட்டைப் பற்றி. ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை.

தாமஸ் கெனீலி 'ஷிண்ட்லர்ஸ் ஆர்க்' நாவலுக்காக 1982-இல் புக்கர் பரிசு பெற்றார். அந்தக் கதை அவருக்குக் கிடைத்ததே ஒரு கடையில்தான். 1980-இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பெவர்லி ஹில்ஸில் தோல்பை கடை வைத்திருந்த லியோபோல்ட் ஃபெஃபர்பெர்க், நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றிய ஜெர்மன் தொழிலதிபர் ஷிண்ட்லரால் உயிர் தப்பியவர்களில் ஒருவர். கடைக்கு வந்த கெனீலியிடம் தங்கள் கதையைச் சொல்லி, ஆவணங்களையும் கொடுத்து, எழுதச் சொன்னார். நாவல் வந்தது, படமும் வந்தது. 1996-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகம் கெனீலியின் ஆய்வுத் தாள்களை ஆறு பெட்டிகளாக ஒரு வியாபாரியிடமிருந்து வாங்கியது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2009-இல், பெட்டியை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது, குறிப்புகளுக்கும் ஜெர்மன் செய்தித்தாள் நறுக்குகளுக்கும் நடுவே பழுப்பேறிய கார்பன் நகல் ஒன்று கிடைத்தது. பதின்மூன்று பக்கம். 801 பெயர்கள். 1945 ஏப்ரல் 18 தேதியிட்ட ஷிண்ட்லர் பட்டியலின் ஒரு நகல். அந்தப் பட்டியலுக்குப் பல பிரதிகள் உண்டு, இது ஒன்றே ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ஆனாலும், அந்தத் தாளில் பெயர் இருந்தால் உயிர், இல்லையென்றால் இல்லை. விற்றவருக்கும் தெரியாது, வாங்கிய நூலகத்துக்கும் தெரியாது. ஒரு நாவலாசிரியரின் குறிப்புக் கட்டுக்குள் அது அமைதியாகக் கிடந்திருக்கிறது.

எழுத்தாளரின் தாள்கள் என்றால் இலக்கிய ரசிகர்களுக்கு மட்டுமான சங்கதி என்று நினைப்பவர்களுக்கு நான் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வது வழக்கம். நாவலாசிரியர் தன் காலத்தின் துண்டுகளையெல்லாம் மேசைக்குக் கொண்டுவருபவர். அவர் பயன்படுத்தாமல் விட்டதும் பெட்டியில் தங்கிவிடுகிறது.

பெட்டி நூலகத்துக்கு வந்ததும் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. முதல் விதி: எழுத்தாளர் வைத்திருந்த வரிசையைக் கலைக்கக் கூடாது. ஒரு கடிதம் எந்தப் பிரதிக்குள் செருகியிருந்தது என்பதே ஒரு தகவல்; அதைப் பிடுங்கித் தேதிவாரியாக அடுக்கினால் அந்தத் தகவல் போய்விடும். பிறகு துருப்பிடித்த கிளிப், ஊசி, ரப்பர் பேண்ட் எல்லாம் எடுத்துவிட்டு, அமிலம் இல்லாத உறையிலும் அட்டைப்பெட்டியிலும் வைப்பார்கள். சேகரிப்புக்கு ஓர் எண் கொடுப்பார்கள், ஒயிட்டுடையது எம்.எஸ். 9982 ('எம்.எஸ்.' என்றால் கையெழுத்துப் பிரதி). கடைசியாக, எந்தப் பெட்டியில் எந்த உறையில் என்ன என்று விளக்கப் பட்டியல் தயாராகும். இந்தப் பட்டியலை வீட்டிலிருந்தே இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பெட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் கான்பெராவில் பர்லி கிரிஃபின் ஏரிக்கரையில் உள்ள நூலகத்துக்குத்தான் போக வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். மை பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சில் கொண்டுபோங்கள். ஒரு நேரத்தில் ஓர் உறையை மட்டும் திறங்கள். பக்கங்கள் முன்பின்னாக இருப்பதுபோல் தோன்றினாலும் நீங்களாக அடுக்காதீர்கள், மேசையில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

படிப்பது வேறு, வெளியிடுவது வேறு. இதில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். தாள் நூலகத்தின் சொத்தாக இருக்கலாம், அதில் உள்ள வார்த்தைகளின் பதிப்புரிமை ஒயிட்டின் வாரிசுரிமையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் முன்பு வெளியிடப்படாத எழுத்துக்குப் பதிப்புரிமை முடிவதே இல்லை; நூறு ஆண்டுக்கு முந்தைய கடிதத்தை அச்சிடவும் உரிமையாளரைத் தேடி அலைய வேண்டியிருந்தது. 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது வெளியிட்டதோ வெளியிடாததோ, பொதுவாக ஆசிரியர் இறந்து 70 ஆண்டு. ஒயிட் இறந்தது 1990 என்பதால் 2060 முடியும்வரை அவருடைய குறிப்பேட்டிலிருந்து பெரும்பகுதியை அச்சில் போட அனுமதி வேண்டும். மற்றவர்கள் அவருக்கு எழுதிய கடிதங்களின் உரிமை அந்தந்த எழுதியவரின் குடும்பத்திடம். அதைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மொழிபெயர்க்க நினைப்பவர்களும் இதை நினைவில் வையுங்கள்.

நீங்கள் ஒயிட்டைப் புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர் என்றால், பெட்டிகளிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் 'வாஸ்' படியுங்கள்: 1840-களில் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுக்குள் போன ஒரு ஜெர்மானியரின் பயணம். லுட்விக் லைஷார்ட் என்ற நிஜமான பயணி 1848-இல் தன் குழுவோடு காணாமல் போனார். அந்த மறைவின் நிழல் நாவல் முழுக்க விழுகிறது. சில நாள் ஆறப்போட்டுவிட்டு 'த ஹேங்கிங் கார்டன்' எடுங்கள். முன்னதன் வாக்கியங்கள் உங்களை நிறுத்தி நிறுத்திப் படிக்கவைக்கும், பின்னதன் வாக்கியங்கள் உங்களோடு சேர்ந்து நடக்கும். இரண்டாவதில் அவர் இன்னும் எந்தெந்த இடத்தைத் திருத்தியிருப்பார் என்று ஒரு பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். அதன்பின் எம்.எஸ். 9982-இன் பட்டியலைத் திறந்தால், அதிலுள்ள ஒவ்வொரு வரியும் உங்களுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லத் தொடங்கும்.